மதம் எந்த இடத்தில் தொடங்குகிறது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மதத்துக்கும் தத்துவத்துக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பொதுப்படையாகப் பேசினால் ஆளுக்கொரு வரையறையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அதனால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்த சிலரிடமிருந்து தொடங்குகிறேன். அவர்கள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள்.

1. ஐந்து நீதிபதிகள் முன் வந்த கேள்வி

புதுச்சேரியை ஒட்டி, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் நகரத்துக்குத் தொடக்க விழா நடந்தது. உலகின் 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த பிடி மண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். நகரத்துக்கு வித்திட்டவர், அரவிந்தர் ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னை என்று வணங்கப்பட்ட மிர்ரா அல்ஃபாசா. 1973 நவம்பரில் அவர் மறைந்தார். அதன்பின் நகரத்தை நடத்துவது யார் என்பதில், நிதி திரட்டி நிலம் வாங்கிய ஸ்ரீ அரவிந்தர் சங்கத்துக்கும் அங்கே குடியிருந்தவர்களுக்கும் பிணக்கு முற்றியது. மத்திய அரசு ஒரு குழுவை அமைத்து விசாரித்தது. 1980இல் நிர்வாகத்தைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளச் சட்டம் இயற்றியது.

சங்கத்தின் தரப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மதப் பிரிவினர் தங்கள் மதக் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு. ‘நாங்கள் மதப் பிரிவினர், அரசு உள்ளே நுழையக் கூடாது’ என்பது அவர்கள் வாதம். ‘அரவிந்தர் சொன்னது தத்துவம், தத்துவத்துக்கு 26ஆம் பிரிவில் இடமில்லை’ என்பது அரசின் பதில். ஒரு நகரத்தின் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பது, ஒரு சிந்தனையாளரை எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்வியாக மாறிவிட்டது.

1982 நவம்பர் 8 அன்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆர்.பி. மிஸ்ரா, அரவிந்தரின் போதனை தத்துவமே, மதமன்று என்று முடிவு கட்டினார். அவர் நம்பிய சான்றுகளைக் கவனியுங்கள். சங்கத்தின் அமைப்பு விதிகளின்படி எந்த மதத்தவரும் உறுப்பினர் ஆகலாம். வருமான வரி விலக்குக் கேட்டுச் சங்கமே கொடுத்த விண்ணப்பங்கள் அதை மத அமைப்பாகக் காட்டவில்லை. அரவிந்தரும் அன்னையும் ‘இது மதமன்று’ என்று பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் மாறுபட்டார். இதைப் புது மதம் என்று சொல்ல முடியாவிட்டாலும் இந்து சமயத்துக்குள் எழுந்த ஒரு புதுப் பிரிவாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. ஆனால் ஆரோவில் ஒரு நகரமே தவிர மத நிறுவனம் அல்ல என்பதால் சட்டம் செல்லும் என்ற முடிவில் அவரும் சேர்ந்துகொண்டார்.

சட்டத்தின் கேள்வி அத்தோடு தீர்ந்தது. நம் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒன்று மதமா இல்லையா என்பதை அதைத் தொடங்கியவரின் வாக்குமூலத்தை வைத்து முடிவு செய்யலாமா? ‘நான் மதம் நிறுவவில்லை’ என்று சொன்னவர்களின் பெயரில்தான் உலகில் எத்தனையோ மதங்கள் நடக்கின்றன. வரி விண்ணப்பத்தை வைத்து முடிவு செய்யலாமா? வரி குறையும் என்றால் யாரும் எதையும் எழுதிக் கொடுப்பார்கள்.

தாள்களை விட்டு இடங்களைப் பார்ப்போம். ஆரோவிலின் நடுவே உள்ள மாத்ரி மந்திரின் உள்ளறையில் சிலை கிடையாது, பூ கிடையாது, ஊதுவத்தி கிடையாது. வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், சுமார் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு படிகக் கோளம், மேலிருந்து அதன்மேல் இறங்கும் ஒற்றைச் சூரியக் கதிர், மற்றபடி மௌனம். அங்கிருந்து புதுச்சேரி ஆசிரமத்துக்கு வாருங்கள். முற்றத்து மரநிழலில் அரவிந்தரும் அன்னையும் துயிலும் சமாதி. நாள்தோறும் மலரால் கோலமிடுகிறார்கள். வருகிறவர்கள் மண்டியிட்டு நெற்றியைச் சலவைக்கல்லில் பதிக்கிறார்கள். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாட்களில் வரிசை தெருவரை நீளும். தமிழ்நாட்டு ஊர்களில் அன்னை தியான மையங்கள் இருக்கின்றன. பெண்ணுக்கு வரன் அமையவும் பையனுக்கு வேலை கிடைக்கவும், அன்னை பெயரிட்டு வைத்த மலர்களில் இன்ன மலரை வைத்து வேண்டிக்கொள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

முதல் இடத்தைப் பார்த்தால் நீதிபதி மிஸ்ரா சொன்னது சரி. இரண்டாவதைப் பார்த்தால் சின்னப்ப ரெட்டி சொன்னது சரி. ஆகவே நமக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

2. கைகொடுக்காத அளவுகோல்கள்

கடவுள் உண்டு என்றால் மதம், இல்லை என்றால் தத்துவம் என்பார்கள். சமணமும் பௌத்தமும் படைப்புக் கடவுளை ஏற்காமலே மதங்களாக நிற்கின்றன. மறுபக்கம், நியாயம் என்ற தத்துவ மரபைச் சேர்ந்த உதயணரின் ‘நியாயகுசுமாஞ்சலி’ முழுக்க முழுக்க ஈசுவரன் உண்டு என்று நிறுவ எழுந்த நூல். ஆயினும் ‘என் மதம் நியாயம்’ என்று சொல்லும் ஆளை எங்கே தேடுவது? உடுப்பி சிரூர் மடத்து வழக்கில் 1954ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் கடவுள் என்ற அளவுகோலைக் கைவிட்டுவிட்டது. சென்னை மாகாணத்தின் 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கு அது. மதம் என்பது கொள்கை மட்டுமன்று, சடங்கும் வழிபாட்டு முறையும் உணவும் உடையும்கூட அதன் பகுதியாகலாம் என்று நீதிபதி பி.கே. முகர்ஜி அதில் எழுதினார். நல்ல முன்னேற்றம். ஆனால் எந்தச் சடங்கு என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை.

தத்துவம் தர்க்கத்தால் நடக்கும், மதம் நம்பிக்கையால் நடக்கும் என்பது இன்னொரு அளவுகோல். சைவ சித்தாந்தத்தைப் படித்த யாரும் இதை ஏற்கமாட்டார்கள். ‘சிவஞான சித்தியார்’ அளவைகளை வகுத்துக்கொண்டு, பரபக்கத்தில் மாற்றாரின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்த பிறகுதான் தன் பக்கத்துக்கு வருகிறது. அந்தக் கண்டிப்பு எந்தத் தத்துவ வகுப்புக்கும் குறைந்ததன்று.

‘மணிமேகலை’யில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையை எடுத்துக்கொள்ளுங்கள். வஞ்சி நகரில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று வரிசையாக நின்று தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். நாம் இன்று தத்துவம் என்பதும் மதம் என்பதும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. கொள்கையைச் சொல்லும் நேரத்தில் அவர்களிடையே எந்த வேறுபாடும் தெரியாது. கேட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் பின்னாலேயே போனால்தான் தெரியும்.

அப்படிப் பின்னாலே போனவர்களில் ஒருவர் வரி வசூலிப்பவர். ஆசீவகர்கள்மீது வரி விதிக்கப்பட்டதைக் காட்டும் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் உண்டு, ஏ.எல். பாஷாம் 1951இல் வெளியிட்ட ஆசீவகம் பற்றிய நூலில் அவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆசீவகருக்கு வரி போட முடிந்தது. சாங்கியருக்கு வரி போட வேண்டுமென்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? சாங்கியத்தைக் கற்றவர்கள் இருந்தார்கள். சாங்கியக் குடும்பம் என்று ஒன்று இருந்ததில்லை. சாங்கியரின் பிள்ளை பிறக்கும்போது சாங்கியன் அல்லன். ஆசீவகரின் வரியோ வீட்டோடும் ஆட்களோடும் ஒட்டிய வரி.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தத்துவம் வாரிசுக்கு இறங்காது, மதம் இறங்கும். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பது, ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதை ஊர் ஏற்கச் செய்வது, இறந்த உடலை வழியனுப்புவது என்ற மூன்று காரியங்களையும் ஒரு போதனை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்போது, அதை ஏற்ற குடும்பங்களும் அவற்றை அதன் கையில் ஒப்படைக்கும்போது, அது மதமாகிறது. அதுவரை அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தத்துவம்தான்.

3. மேசையில் வரைந்த மதம்

அப்படியானால் ஒரு தத்துவவாதி உட்கார்ந்து மூன்று சடங்குகளை எழுதிவிட்டால் மதம் தயாரா? இந்தச் சோதனையையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார். பிரான்சின் ஓகுஸ்த் கோந்த், கடவுள் இல்லாத ‘மானுட மதம்’ ஒன்றை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வகுத்தார். 1849இல் நாட்காட்டி எழுதினார்: ஆண்டுக்கு 13 மாதம், மாதத்துக்கு 28 நாள், மோசே, ஹோமர், அரிஸ்டாட்டில் என்று மாதங்களுக்குப் பெயர். 1852இல் வினா-விடை நூல். பிறப்பிலிருந்து திருமணம், ஓய்வு, இறப்பு என்று போய், இறந்து ஏழாண்டு கழித்து ஒருவரை மனிதகுலத்தின் நினைவில் சேர்த்துக்கொள்வதுவரை ஒன்பது திருச்சடங்குகள். எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பிரேசிலில் மட்டும் அது ஓரளவு வேர் பிடித்தது. ரியோ டி ஜெனிரோவில் கோயில் எழுந்தது. அந்நாட்டுக் கொடியில் உள்ள ‘ஒழுங்கும் முன்னேற்றமும்’ என்ற வாசகம் கோந்தின் சிந்தனையிலிருந்து வந்ததுதான். மற்ற இடங்களில் சில படித்தவர்களின் சங்கமாகவே நின்றுபோனது. சேர்ந்தவர்களுக்குக் கோந்தின் கருத்து பிடித்திருந்தது. அவர்களுக்குத் திருமணம் செய்துவைக்கத் தேவாலயமோ நகராட்சியோ ஏற்கெனவே இருந்தது. கல்லறையில் இடமும் இருந்தது. கோந்த் கொடுத்த சடங்கு யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆக, மூன்று காரியங்களையும் ஒரு போதனை ஏற்க முன்வந்தால் போதாது. அவற்றை ஒப்படைக்க வேண்டிய தேவையுள்ள மக்களும் வேண்டும். அந்தத் தேவை எப்படிப்பட்டது என்பதைக் காண நாம் சென்னை இராயப்பேட்டைக்கு வர வேண்டும்.

4. ஒரே புத்தர், இரண்டு வேலைகள்

1898இல் அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வந்தது. அதே 1907இல் அதே சென்னையில், அறிவியல் பேராசிரியரான பொ. இலட்சுமி நரசுவின் ஆங்கில நூல் ‘பௌத்தத்தின் சாரம்’ வெளிவந்தது. இருவரும் ஒரே இயக்கத்தில் உறவாடியவர்கள். சாதியை ஒரே அளவு வெறுத்தவர்கள். ஆனால் செய்த வேலை வேறு.

நரசுவின் நூலில் பௌத்தத்தின் பகுத்தறிவுத் தன்மைக்கு ஓர் அத்தியாயம், சாதிக்கு ஓர் அத்தியாயம், ஆளுமை என்பது என்ன என்பதற்கு ஓர் அத்தியாயம். ஆன்மா இல்லை என்பதை அவர் தற்கால உளவியலை வைத்து விளக்குகிறார். உலகத்தில் எங்கே இருக்கும் படித்தவரும் அதைப் படித்து ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஒப்புக்கொண்டவர் மறுநாள் காலை எதையும் மாற்றிச் செய்ய வேண்டிய அவசியமில்லை.

பண்டிதர் எழுதியது வேறு வகை. புத்தரின் வரலாற்றை ‘ஆதிவேதம்’ என்று தமிழில் தந்தார். தீபாவளி எள் நெய் கண்டறியப்பட்டதைக் கொண்டாடிய பௌத்த நாள் என்றார். கார்த்திகை தீபத்துக்கும் பொங்கலுக்கும் அப்படியே பௌத்த விளக்கம் கொடுத்தார். திருமணத்துக்கென்று ‘விவாக விளக்கம்’ எழுதினார். அவர் வரலாற்று விளக்கங்கள் பலவற்றை இன்றைய ஆய்வாளர் ஏற்கத் தயங்கலாம். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அவர் செய்ததை வரலாற்று ஆய்வாக மட்டும் மதிப்பிடுவது பிழை. தன் மக்களுக்கு ஆண்டின் நாட்களைத் திருப்பி எடுத்துக்கொடுத்தார் அவர். தீபாவளி வந்தால் நாம் என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டால், அதற்குப் பதில் அவரிடம் இருந்தது. நரசுவின் நூலில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும், திருப்பத்தூரிலும் பெங்களூரிலும், ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் சங்கக் கிளைகள் எழுந்தன. அங்கே கூடியவர்கள் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்கள், பட்டாளத்தார் குடும்பங்கள், கூலிக்குக் கப்பல் ஏறியவர்கள். ஊரில் இருந்தவரை அவர்கள் பிறப்பும் திருமணமும் சாவும் எப்படி நடக்க வேண்டும் என்பதை மற்றவர்கள் தீர்மானித்தார்கள். மேளம் எந்தத் தெருவழியாகப் போகக் கூடாது, பிணம் எந்தப் பாதையில் போக வேண்டும், எந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது என்று ஊர் விதித்திருந்தது. இவர்களுக்கு வேண்டியிருந்தது ஆன்மா உண்டா இல்லையா என்ற விவாதம் மட்டுமன்று. தங்கள் பெயரையும் தாலியையும் பாடையையும் ஊரின் கையிலிருந்து பிடுங்கி வேறொரு கையில் வைக்க வேண்டியிருந்தது. சங்கங்கள் பெயர் சூட்டின, திருமணம் நடத்தின, இறந்தவர்களை பௌத்த முறைப்படி அனுப்பிவைத்தன. பௌத்தம் அங்கே மதமானது.

இலட்சுமி நரசுவின் நூலுக்கு 1948இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். அம்பேத்கரின் சிந்தனைப் போக்கு நரசுவுக்கு நெருக்கமானது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் தம்மம் வேறு, மதம் வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர். ஆனால் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானவர்களுக்குத் தீட்சை கொடுத்தபோது அவர் கையிலிருந்தது 22 உறுதிமொழிகள். ஆறாவது: சிராத்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன். எட்டாவது: பிராமணரைக் கொண்டு எந்தச் சடங்கும் செய்விக்கமாட்டேன். தத்துவ நூலாசிரியர் பிண்டத்தைப் பற்றி உறுதிமொழி வாங்கமாட்டார். இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்தபோதே, பிறப்பும் சாவும்தான் மதத்தின் இரு வாசல்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

5. மதம் வேண்டாம் என்றவர்கள்

மதமே வேண்டாம் என்று புறப்பட்டவர்களுக்கும் இதே மூன்று காரியங்கள் வழிமறித்தன. சுயமரியாதை இயக்கம் 1920களின் இறுதியிலிருந்து புரோகிதர் இல்லாத திருமணங்களை நடத்தியது. பெரியார் பிள்ளைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் சூட்டினார். கொள்கை பரவியது. சிக்கல் எங்கே வந்தது? சொத்தில். ஒரு செட்டிநாட்டுக் குடும்ப வழக்கில், 1934இல் நடந்த சுயமரியாதைத் திருமணம் இந்துச் சடங்குகள் இல்லாததால் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணம் செல்லாது என்றால் பிள்ளைகளின் நிலை என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

1967இல் அண்ணா அரசு சட்டம் கொண்டுவந்து அந்தத் திருமணங்களுக்கு, முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, சட்ட ஏற்பு அளித்தது. அந்தச் சட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? இந்துத் திருமணச் சட்டத்துக்குள், 7ஏ பிரிவாக. இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்கே அது பொருந்தும். புரோகிதரை வெளியே அனுப்பிய திருமணம் சட்டத்தின் கண்ணில் இந்துத் திருமணத்தின் ஒரு வகை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அது பெரிய வெற்றி. ஆனால் ஒரு கொள்கை மதமாகாமலே குடும்பத்துக்குள் இறங்கினால், வாரிசுரிமைக்காக ஏதாவது ஒரு மதத்தின் கூரையில் ஒண்ட வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

வள்ளலாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1867இல் வடலூரில் தருமச்சாலை, 1872இல் ஞானசபை. சமயம், மதம், சாதி எல்லாவற்றையும் விடச் சொன்னவர், இறந்தவரை எரிக்காமல் புதைக்க வேண்டும், கருமாதி, திதி முதலியவை செய்யக் கூடாது என்று வற்புறுத்தினார். பிணத்தை யார் எடுக்கிறார்களோ அவர்கள் கையில்தான் மனிதன் இருக்கிறான் என்று அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும். அவருடைய அருட்பாவை ஏற்ற வீடுகள் ஏராளம். அடுப்பணையாமல் சோறிட்ட தருமச்சாலையை ஏற்றவர்கள் அதைவிட ஏராளம். இறந்தவரைப் பற்றிய இந்தக் கட்டளையை ஏற்ற வீடுகளோ மிகக் குறைவு. சன்மார்க்கம் இன்றுவரை பெரும்பாலும் இந்து வீடுகளுக்குள் ஒரு நெறியாக நிற்பதற்கு அதுவே காரணம் என்பேன்.

6. அளவுகோலைத் திருப்பிப் பார்த்தல்

இந்த அளவுகோலோடு ஆசிரமத்துச் சமாதிக்கு மறுபடி போவோம். மலர் வைத்து வணங்குகிறவரின் வீட்டுப் பூஜை அறையில் அன்னையின் படம் முருகன் பக்கத்தில் இருக்கும். பிள்ளைக்கு முடியிறக்குவது குலதெய்வக் கோயிலில். திருமணம் அவரவர் குடும்ப வழக்கப்படி. சாவுக்குப் பதினாறாம் நாள் காரியமும் அப்படியே. பக்தி முழுமையாக இருக்கிறது, ஒப்படைப்பு நடக்கவில்லை. ஆகவே பெரும்பான்மைத் தீர்ப்பின் முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்கள் பலவீனமானவை. நிறுவனர் மறுத்தார் என்பது காரணமாகாது. சின்னப்ப ரெட்டி அடியவர்களின் பக்கமாகப் பார்த்தது சரியான பார்வை. வழிபாடு இருந்தால் மதப் பிரிவு என்ற இடத்துக்கு அவர் சற்று விரைவாகப் போய்விட்டார்.

இரண்டு மறுப்புகளை நானே எழுப்பிக்கொள்கிறேன். முதலாவது: மதம் மாறுகிறவர் பிறப்பால் அதைப் பெறவில்லையே? உண்மை. நாக்பூரில் நின்றவர் யாரும் பௌத்தராகப் பிறக்கவில்லை. ஆனால் தங்கள் பிள்ளைகள் வேறாகப் பிறக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் அங்கே நின்றார்கள். தத்துவத்தை ஏற்கிறவர் தனக்காக ஏற்கிறார். மதம் மாறுகிறவர் பிறக்காத பேரனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அதனால்தான் மதமாற்றம் என்றால் ஊர் பதறுகிறது. ஒருவர் ஸ்பினோசாவை ஏற்றுக்கொண்டால் பக்கத்து வீட்டாருக்குக்கூடத் தெரிவதில்லை.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. பிறப்பால் வருவது, திருமணத்தைக் கட்டுப்படுத்துவது, பிணத்துக்குப் பாதை வகுப்பது: இது சாதியின் இலக்கணமல்லவா? ஆம். இந்த மண்ணில் சாதியும் மதமும் பின்னிக்கொள்ளும் முடிச்சுகள் இந்த மூன்று இடங்களில்தான் இருக்கின்றன. ஆனால் சாதிக்குப் போதனை கிடையாது. உள்ளே வர வாசலும் கிடையாது. ஏன் இப்படி என்று கேட்டால் ‘வழக்கம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மதத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கும். தீட்சையோ ஞானஸ்நானமோ கலிமாவோ கொண்டு உள்ளே வரலாம், வெளியேறவும் செய்யலாம். போதனை மட்டும் இருந்தால் தத்துவம். மூன்று காரியங்கள் மட்டும் இருந்தால் வழக்கம். இரண்டும் சேர்ந்த இடம் மதம். போதனையை மறந்த மதம் சாதியாக இறுகிவிடுவதும், காரியங்களைக் கைவிட்ட மதம் புத்தகமாகச் சுருங்கிவிடுவதும் இதனால்தான்.

இதில் மதத்துக்கு நான் மகுடம் சூட்டுவதாக யாரும் எண்ண வேண்டாம். வாரிசுக்கு இறங்கும் எதுவும் விவாதத்துக்கு எளிதில் வராது. பிள்ளை ஒப்பாத கொள்கைக்குப் பிள்ளையைக் கட்டுப்படுத்துவது மதத்தின் இயல்பான வன்முறை. தத்துவத்தில் மாணவர் ஆசிரியரை மறுத்தால் அது துறையின் வளர்ச்சி. மதத்தில் மகன் தந்தையை மறுத்தால் வீடு இரண்டாகிறது. தத்துவத்தின் சுதந்திரம் முழுவதும் அது யாருடைய பிணத்தையும் சுமப்பதில்லை என்பதிலிருந்து வருகிறது.

7. ஆய்வாளர்களுக்கு

இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மரபு மதமா தத்துவமா என்று எழுத உட்காரும்போது அதன் மூலநூலோடு நின்றுவிடாதீர்கள். அந்த மரபினரின் திருமண அழைப்பிதழில் மேலே என்ன அச்சாகியிருக்கிறது, பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் என்ன எழுதினார்கள், இடுகாட்டில் அவர்களுக்குத் தனி இடம் உண்டா, அந்த இடத்துக்காக யாரிடம் மனுக் கொடுத்தார்கள் என்று தேடுங்கள். தமிழ்நாட்டின் சமய வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பகுதி அந்த மனுக்களில் இருக்கிறது.

‘எனக்குத் தத்துவம் போதும், மதம் தேவையில்லை’ என்ற பேச்சைப் படித்தவர்கள் மத்தியில் இன்று அடிக்கடி கேட்கிறோம். அது நேர்மையான நிலைப்பாடாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்கிறவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பெயரை வைத்தது யார்? அவர் திருமணத்தை ஏற்றது எந்த முறை? நாளை அவரை எடுத்துச் செல்லப்போவது யார்? அந்த மூன்றும் மரியாதையோடு ஏற்பாடாகிவிட்டவருக்குத் தத்துவம் போதும். அந்த மூன்றிலும் அவமதிக்கப்பட்டவர்களுக்கு அது போதவில்லை. அதனால்தான் இராயப்பேட்டையிலும் மாரிகுப்பத்திலும் நாக்பூரிலும் அவர்கள் மதம் ஒன்றைக் கட்டினார்கள். மதம் தேவையற்றுப்போகும் சமூகம் வேண்டும் என்று விரும்புகிறவர்கள், முதலில் அந்த மூன்று காரியங்களும் எல்லோருக்கும் மரியாதையோடு நடக்கும் சமூகத்தை உண்டாக்க வேண்டும். அதைச் செய்யாமல் மதத்தை மட்டும் மறுப்பது, வசதியுள்ளவரின் தத்துவமாகவே இருக்கும்.